பெர்மிட் காணியா, உறுதிக் காணியா?

(வடமராட்சிக் கிராமமொன்றின் வாசிகசாலையில், “தமிழ் பேசும் மக்கள் கேட்க வேண்டியது எது?” என்னும் பொருள்பற்றி நிகழ்ந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற பிரசித்த நொத்தாரிசு ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய அன்பர்கள் நான்கு பாதைகளைச் சுட்டிக் காட்டினார்கள். கையிலிருக்கும் மாகாண சபையே போதுமென்றார் ஒருவர். சமஷ்டியே முடிவு என்றார் மற்றொருவர். தனிநாட்டுக் கோரிக்கை ஏன் எழுந்தது என்பதை மறவாதீர் என்றார் மூன்றாமவர். பசிபிக் சமுத்திரத்துத் தீவுகள் சில பெற்றிருக்கும் சுதந்திர இணைவு என்னும் ஏற்பாட்டை நாமும் ஆராயலாமே என்றார், பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர் ஒருவர். நால்வரும் நன்றாகவே பேசினார்கள்.

நான் அரசியல்வாதியல்லேன். நாற்பது ஆண்டுகள் உறுதி எழுதிப் பிழைத்தவன். ஆகவே, இந்நான்கையும் ஒரு நொத்தாரிசின் கண்கொண்டு பார்ப்பதற்கு அனுமதி தாருங்கள்.

ஒரு நொத்தாரிசின் கேள்வி

காணி எழுதவென்று என்னிடம் வருபவரை நான் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “உம்முடையது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?”

இந்தக் கேள்வியின் பொருள் இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். குடாநாட்டிலே நம் வளவுகளிற் பெரும்பாலானவை உறுதிக் காணிகள். பாட்டன் பெற்றதும் பாட்டி சீதனமாகக் கொண்டுவந்ததும் உறுதியிலே எழுதப்பட்டிருக்கின்றன. வன்னியிலோ, குடியேற்றத் திட்டங்களிலே பலருக்கு உள்ளவை பெர்மிட் காணிகள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரங்கள். இரண்டு காணியிலும் ஒரே நெல்தான் விளைகிறது; ஒரே மாமரம்தான் காய்க்கிறது. வேற்றுமை எங்கே? பெர்மிட் காணியை, நிபந்தனை மீறப்பட்டதென்று காரணங்காட்டிக் கொடுத்தவனே மீளப் பெறலாம். உறுதிக் காணியை எழுதிக் கொடுத்தவன், மறுநாள் மனம் மாறினான் என்பதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

அரசியல் அதிகாரத்துக்கும் இதுவே உரைகல். ஓர் ஏற்பாட்டின் நெற்றியிலே என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம். கொடுத்தவன் தனியே நின்று அதைத் திரும்ப எடுக்கலாமா, முடியாதா? எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம்மை வாட்டும் கேள்வி இதுதான் என்பதே என் துணிபு.

நாம் தவறவிட்ட காலம்

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. ஒல்லாந்தர் 1707இல் நமது தேசவழமையைத் தொகுத்தனர். பிரித்தானியர் 1833இல் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தனர். இவை நீங்கள் பள்ளியிற் படித்தவை. ஆனால், சமஷ்டி என்னும் சொல்லை இந்நாட்டின் அரங்கிலே முதலில் ஏற்றியவர் தமிழரல்லர் என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

1926இல், இங்கிலாந்திலிருந்து படிப்பு முடித்து வந்திருந்த இளைஞர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்கள், இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தமென்று பத்திரிகையிலே தொடர் கட்டுரைகள் வரைந்தார். யாழ்ப்பாணத்துக்கே வந்து அதைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, கண்டிச் சிங்களவரின் தேசிய சபை சமஷ்டியைக் கோரி நின்றது. அக்காலத்துத் தமிழ்த் தலைவர்கள் என்ன செய்தார்கள்? அதனைப் பற்றிப் பிடித்துக்கொள்ளவில்லை. கொழும்பிலே பதவியும் பங்கும் கிடைக்குமென்று நம்பினார்கள். உறுதி எழுதுவதற்கு மற்றவன் பேனாவை எடுத்த வேளையிலே நாம் வேறு திசையிற் பார்த்துக்கொண்டிருந்தோம். குற்றஞ் சாட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மற்றவர் பிழைகளை எண்ணுமுன் நமது பிழையையும் ஏட்டிலே பதிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பின்னர் 1948 வந்தது. சுதந்திரக் கொடி ஏறிய அதே ஆண்டிலே குடியுரிமைச் சட்டமும் வந்து, மலையகத்துத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அவர்களுக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு, நாளை நமக்கும் இதுவே என்று உணர்ந்தவர்கள் 1949 டிசம்பரிலே செல்வநாயகம் அவர்களின் தலைமையில் தமிழரசுக் கட்சியை அமைத்தார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் இரண்டே. காங்கேசன்துறையிலே செல்வநாயகம் அவர்களே தோற்றார். சமஷ்டி வேண்டுமென்று நமது மக்களை நம்பவைத்தது எந்தத் தமிழ் மேடைப் பேச்சுமன்று. 1956இல் வந்த சிங்களம் மட்டும் சட்டமே அவர்களை நம்பவைத்தது.

கிழிக்கப்பட்ட இரண்டு பத்திரங்கள்

1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதிலே சமஷ்டி இருக்கவில்லை. பிரதேச சபைகளே இருந்தன. வடமாகாணம் ஒரு பிரதேசம். கிழக்கு மாகாணம் இரண்டோ பலவோ ஆன பிரதேசங்கள். அவை விரும்பின் மாகாண எல்லை கடந்தும் இணையலாம். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி ஆகியவை அச்சபைகளின் பொறுப்பு. எவ்வளவு அடக்கமான கோரிக்கை! ஆயினும், 1958 ஏப்ரிலில், பிரதமரின் வீட்டு வாயிலிலே பிக்குகள் அமர்ந்து எதிர்த்ததும், ஒப்பமிட்ட கையே அதனைக் கைவிட்டது. அடுத்த மாதம் நாடெங்கும் தமிழரின் இரத்தம் சிந்தியது.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கியபோது நான் பதினைந்து வயதுச் சிறுவன். என் தாயாரோடு சென்று வெயிலில் அமர்ந்தேன். தாயார் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றை அருகிலிருந்த முன்பின் அறியாதவர்களுடன் பகிர்ந்துண்டோம். ஏப்ரில் மாதம் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, வாயில் வெறுமையாயிற்று. அன்று தாயார் கேட்டார்: “தம்பி, நாங்கள் கேட்டதில் என்ன பிழை?” அந்தக் கேள்விக்கு இந்த வயதிலும் என்னிடம் விடையில்லை.

1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம். இம்முறை பிரதேச சபை சுருங்கி மாவட்ட சபையாயிற்று. அதுவும் 1968இல் வெள்ளை அறிக்கையாக வெளிவந்து, எதிர்ப்பின்முன் கைவிடப்பட்டது.

இவ்விரு பத்திரங்களையும் நொத்தாரிசின் மேசைமீது வைத்துப் பாருங்கள். இந்நாட்டுச் சட்டப்படி ஒரு பரப்புக் காணி கைமாறுவதற்கும் நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் வேண்டும். இந்தச் சட்டம் 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஓர் இனத்தின் விதியை எழுதிய இப்பத்திரங்களுக்கோ சாட்சி இல்லை, பதிவு இல்லை, மீறினால் முறையிட மன்றம் இல்லை. இரு பெருந்தலைவர்களின் நாணயம் ஒன்றே பிணை. நாணயமுள்ள மனிதரும் கூட்டத்தின்முன் பணிந்துவிடுவர் என்பதை நாம் இருமுறை கண்டோம்.

பிரிவினை வழக்கு

1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே தமிழரசுக் கட்சி நாட்டைப் பிரிப்பதை ஆதரிக்க வேண்டாமென்று மக்களைக் கேட்டது. தனிவழி பேசிய திரு. வி. நவரத்தினமும் அடங்காத் தமிழர் சுந்தரலிங்கமும் அத்தேர்தலிலே தோற்றார்கள். தமிழர் பிரிவினையைத் தாமாகத் தேடி ஓடினர் என்று சொல்வோர் இந்த ஆண்டை ஒருமுறை படிக்கட்டும்.

அதற்குப்பின் நடந்தது என்ன? 1972இல் வந்த குடியரசு யாப்பு இலங்கையை ஒற்றையாட்சி என்று பொறித்தது. சோல்பரி யாப்பிலிருந்த சிறுபான்மையோர் காப்பான 29ஆம் பிரிவையும் விட்டொழித்தது. செல்வநாயகம் அவர்கள் தம் ஆசனத்தைத் துறந்து, மக்களின் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தலை இரண்டாண்டுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் வைத்தார்கள். பெரும்பான்மை வாக்குகளால் அவர் வென்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 யூலையில் வடமாகாணத்தின் 14 தொகுதிகளிலும் கிழக்கின் 4 தொகுதிகளிலும் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்றது. அன்று வாக்களித்தோரில் நானும் ஒருவன். அதனை மறைக்கவும் மாட்டேன். அதற்காக இன்று மார்தட்டவும் மாட்டேன்.

எங்கள் ஊரிலே உடன்பிறந்தார் இருவர் ஒரே வளவிலே வாழ முடியாதபோது பிரிவினை வழக்குப் போடுவார்கள். பல வழக்குகளை நான் அறிவேன். வழக்குக்குச் சென்றவன் பேராசைக்காரன் என்று ஊர் எளிதிற் சொல்லிவிடும். கிணற்றிலே பங்கு மறுக்கப்பட்டது, வழி அடைக்கப்பட்டது, இருமுறை எழுதிய இணக்கப் பத்திரம் கிழிக்கப்பட்டது என்பதை ஊர் சொல்லாது. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்வாறு எழுந்த வழக்கே.

அந்த வழக்கின் செலவை இந்த மண்டபத்திலே யாருக்கும் நான் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை. 1981இல் நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் சாம்பராயின. 1983 யூலை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, தனிநாடு கோருவதைச் சட்டவிரோதமாக்கியது. ஆயுதங்கள் பேசிய காலம் வந்து, 2009 மேயில் முள்ளிவாய்க்காலிலே முடிந்தது. இங்குள்ள தாய்மாரில் எத்தனை பேரின் வீட்டுச் சுவரிலே மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன! மற்றொரு தலைமுறையை அந்த வழியிலே அனுப்பும்படி கேட்க எனக்கு நாவில்லை.

பதின்மூன்றாவது திருத்தம் என்னும் பத்திரம்

இனி, கையிலிருக்கும் பத்திரத்தைப் பார்ப்போம். 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தி அவர்களும் ஜயவர்த்தனா அவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். காணிக்கு உரியவனான தமிழனின் கையொப்பம் அதில் இல்லை. அதே ஆண்டு நவம்பரிலே பதின்மூன்றாவது திருத்தம் சட்டமாயிற்று.

அத்திருத்தம் ஒற்றையாட்சிக்கு முரணானதா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதியரசர்கள் ஒன்பதின்மரில் ஐவர் முரணில்லை என்றனர், நால்வர் மறுத்தனர். ஐவர் சொன்ன காரணம் யாது? மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை. ஆகவே ஒற்றையாட்சிக்கு ஊறில்லை என்பதே. அன்பர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். திறப்பு நம் கையில் இல்லை என்பதனாலேயே அந்தச் சட்டம் செல்லுபடியாயிற்று!

பத்திரத்தின் உட்பிரிவுகளும் அதனையே சொல்கின்றன. மாகாணத்துக்குரிய விடயத்திலே பாராளுமன்றம் கைவைப்பதாயின் சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால், சபைகள் மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றலாம். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அரச காணி குடியரசுக்கே உரித்து. 1988இல் இணைந்த வடக்குக் கிழக்கு, 2006இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பினாலே பிரிந்து போயிற்று. 2013 செப்டெம்பரில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து நாம் உண்டாக்கிய வடமாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆறாண்டுகள் கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. சபைக்குரிய அதிகாரம் முழுவதும் ஆளுநரின் மேசைக்குப் போயிற்று.

இது பெர்மிட் காணியே என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

உலகத்து உறுதிகள் சில

இளைஞர் சொன்ன சுதந்திர இணைவுக்கு வருகிறேன். தன்னாட்சி பெறாத ஆள்புலம் சுதந்திர நாடாகலாம், மற்றொரு நாட்டோடு சுதந்திரமாக இணைந்திருக்கலாம், அல்லது அதனோடு ஒன்றாகலாம் என்று 1960இல் ஐக்கிய நாடுகள் சபை மூன்று வழிகளை வகுத்தது. குக் தீவுகள் 1965இல் நியூசிலாந்துடன் அவ்வாறு இணைந்தன. தம் சட்டத்தைத் தாமே செய்கின்றன. நியூசிலாந்தின் குடியுரிமையும் உண்டு. விரும்பின் பிரிந்து செல்லவும் உரிமை உண்டு. கேட்கும்போது நாவூறுகிறது. ஆனால், அந்த வழி கடல்கடந்த குடியேற்ற நாடுகளுக்கென வகுக்கப்பட்டது. இலங்கை 1948இலேயே ஒரே அலகாக விடுதலை பெற்றுவிட்டதென்று உலகம் கணக்கை மூடிவிட்டது. மேலும், தீவிலே வாழும் மக்களைவிடப் பன்மடங்கினர் நியூசிலாந்திலே வாழ்கின்றனர். பிள்ளைகளைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிவிட்டு வெறும் வீட்டைக் காவல்காக்கும் நமக்கு, அது எச்சரிக்கையும் ஆகும்.

எரித்திரியாவைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் முடிவுப்படி 1952இல் எதியோப்பியாவுடன் சமஷ்டியாக இணைந்தது. 1962இல் எதியோப்பியப் பேரரசர் அச்சமஷ்டியை ஒழித்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுப் போர் மூண்டது. 1993இல் எரித்திரியா தனிநாடாயிற்று. சமஷ்டி நாட்டைப் பிரிக்கும் என்று அஞ்சும் சிங்கள அன்பர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: அங்கே நாட்டைப் பிரித்தது சமஷ்டியன்று, சமஷ்டியை ஒழித்த செயலே. நமக்கும் அதிலே பாடம் உண்டு. தனிநாடாகிய எரித்திரியாவிலே அதன் பின்னர் தேசியத் தேர்தலே நடந்ததில்லை. கொடி தனியாகப் பறந்தால் மட்டும் குடிமகன் சுதந்திரனாகிவிடான்.

இந்தியாவையும் பாருங்கள். 1963இல் திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் ஆட்சியைப் பிடித்தது. 1969இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நிலைத்தது. கோரிக்கையைச் சுருக்கி ஆட்சியை வென்ற கதை அது. ஆனால், அதே இந்தியாவிலே 2019இல் காஷ்மீரத்தின் தனி அந்தஸ்து நீக்கப்பட்டு, மாநிலமே இரு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டது. மாநிலம் என்ற பெயர் இருந்தும் பூட்டு உறுதியாக இல்லாவிடின் நேரக்கூடியது அது.

உறுதியான பூட்டு எங்கே இருக்கிறது? பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்து என்னும் தீவுக் கூட்டத்திலே இருக்கிறது. மக்கள் ஏறக்குறைய முப்பதினாயிரம். அவர்கள் பேசுவது சுவீடிய மொழி. சுவீடனோடு சேரவே அவர்கள் விரும்பினார்கள். 1921இல் சர்வதேச சங்கம் அவர்களைப் பின்லாந்துக்குள்ளேயே இருத்தி, மொழிக்கும் மண்ணுக்கும் காப்புக் கொடுத்தது. அத்தீவின் உரித்துக்குடி அல்லாதார் அங்கே தடையின்றி நிலம் வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களது சுயாட்சிச் சட்டத்தைத் திருத்துவதற்குப் பின்லாந்துப் பாராளுமன்றமும் ஓலாந்துச் சபையும் இரண்டும் இணங்க வேண்டும். கோயில் நகைப் பெட்டகத்துக்கு இரு தர்மகர்த்தாக்கள் ஆளுக்கொரு திறப்பு வைத்திருப்பது போன்றதே இது. நூறு ஆண்டுகளாக அங்கே யாரும் யாரையும் சுட்டதில்லை. பின்லாந்து உடைந்துபோகவும் இல்லை.

நாம் கேட்க வேண்டிய உறுதி

ஆகவே, என் முடிவைச் சொல்கிறேன். பிரியாத நாட்டுக்குள்ளே, இரு தரப்பும் இணங்கினாலன்றி மாற்ற முடியாத சமஷ்டி உறுதியையே நாம் கேட்க வேண்டும். அதைக் கேட்பது குற்றமுமன்று. 2017 ஆகஸ்ட் 4இல், தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கிலே, சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாதென்று இந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சிங்களத்திலே அச்சிட்டு ஊரூராகக் கொண்டு சென்றிருக்க வேண்டியவர்கள் நாம். செய்தோமா?

யாப்பின் இரண்டாம் உறுப்புரையை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். அதன் பொருள், மாத்தறையிலும் குருநாகலிலும் உள்ள விவசாயி சம்மதிக்க வேண்டும் என்பதே. அவனோடு பேசாமல் நாம் நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், உறுதி எழுத மற்றத் தரப்பு எக்காலத்திலும் வந்து சேராது.

அந்த உறுதியிலே என்னென்ன இருக்க வேண்டும்? ஒன்று, காணியும் நீரும் பிரதேசத்தின் கையில் இருக்க வேண்டும். ஆறில்லாத இக்குடாநாட்டிலே சுண்ணக்கல்லுக்கடியில் தேங்கும் மழைநீரே நமது செல்வம். இரண்டு, வரியில் ஒரு பங்கு உரிமையாக வரவேண்டும்; ஆண்டுதோறும் கையேந்திப் பெறுவது ஆட்சியாகாது. மூன்று, பிணக்கு நேர்ந்தால் இரு தரப்பும் நம்பும் மன்றம் வேண்டும். நான்காவதே மிகக் கடினமானது: நாம் கேட்கும் அதே காப்பை நமக்குள் சிறுபான்மையாக வாழ்வோருக்கும் கொடுக்க வேண்டும்.

1990 அக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அவர்களிடமும் உறுதி இருந்தது. அது நம் பெயரால் நடந்தது. நாம் வாய்மூடி நின்றோம். அதனை ஒப்புக்கொள்ளாமல் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் அன்பரிடம் சென்று, எம்மோடு ஒரே ஆட்சியில் சேரும் என்று எந்த முகத்தோடு கேட்போம்? இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சி விவசாயி அஞ்சினான். அவனுடைய அச்சத்தை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதிலேதான், கொழும்பு நமது அச்சத்தை மதிக்க வேண்டுமென்று கேட்கும் தகுதியும் பிறக்கும்.

ஒரு மறுப்பும் விடையும்

முன்வரிசையிலிருக்கும் பெரியவர் ஒருவர் நெடுநேரமாகத் தலையசைத்துக் கொண்டிருக்கிறார். அவர் மனதிலுள்ளது எனக்குத் தெரியும். “உறுதி இருந்தும் வலிகாமம் வடக்கிலே எங்கள் காணி போயிற்றே! உறுதி எதைக் காத்தது?” என்பதே அது.

ஐயா, உண்மை. 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, இருபதும் முப்பதும் ஆண்டுகள் கழித்தே தங்கள் வளவை மிதித்தன; இன்னும் மிதியாதோரும் உளர். உறுதி துவக்கைத் தடுக்கவில்லை. ஆனால், துவக்கு ஓய்ந்தபின் அந்தக் குடும்பங்கள் எதை ஏந்திக்கொண்டு நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் சென்றன? முகாமிலே, நனைந்த பெட்டிக்குள்ளே, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த உறுதியைத்தான். மீண்ட காணியெல்லாம் அதைக் காட்டி மீண்ட காணியே. காகிதம் இல்லாதவன் கேட்கவும் முடியாமல் நின்றான். உறுதி எல்லாவற்றையும் காக்காது. அது இல்லாவிடின் இழந்ததை மீளக் கேட்கும் வாயும் இருக்காது.

வெறும் வளவு

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. நமது குரல் பாராளுமன்றத்திலே மெலிந்து வருவதற்கு எதிரி வேண்டியதில்லை. விமான நிலையமே போதும். அந்த ஆறிலும் மூன்றை 2024இல் தேசிய மக்கள் சக்தி வென்றது. அதைத் துரோகம் என்று ஏசுவதை நான் கேட்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. வேலையும் வீதியும் நேர்மையும் கேட்ட மக்கள், நம் தலைவர்களின் பிணக்குகளைக் கண்டு சலித்தார்கள். சமஷ்டி பேசுவோர் ஒரு சந்தைக் கட்டிடத்தையும் ஒழுங்காக நடத்திக் காட்டாவிடின், பெரிய உறுதியை நம்பி அவர்களிடம் யார் கொடுப்பார்?

1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டு, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. கொள்கை பெரிது, அவர்களது தியாகத்தை வணங்குகிறேன். ஆனால், வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. உலகம் காத்திருக்கவில்லை. பெர்மிட் காணி என்று தெரிந்தும் வன்னி விவசாயி உழுகிறான், கிணறு வெட்டுகிறான், தென்னை வைக்கிறான். ஒருநாள் உறுதி கேட்கும்போது, இது நான் பயிரிட்ட நிலம் என்று சுட்டிக் காட்டுவதற்கு அவனுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பாழாகக் கிடக்கும் வளவுக்கு உறுதி கேட்பவனை அதிகாரி ஏறெடுத்தும் பாரான்.

ஆகவே, மாகாண சபைத் தேர்தலை வற்புறுத்துவோம். கிடைக்கும் சபையை நேர்மையாக நடத்துவோம். அதேவேளை, அது பெர்மிட் என்பதை ஒருநாளும் மறவோம். அதையே உறுதி என்று சொல்லி நம் கையில் திணிக்க வருவோரிடம், “ஐயா, இதனை உங்கள் விருப்பப்படி மீள எடுக்கலாமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்போம். விடை “ஆம்” என்றால், நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்வோம். ஒப்பமிட்டுக் கணக்கை மூடமாட்டோம்.

1961இல் என் தாயார் கேட்ட கேள்வியோடு நான் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டேன். உங்கள் பிள்ளைகள் அதே கேள்வியை உங்களிடம் கேளாதிருக்கட்டும்.